பகிர்ந்த ஃபோல்டரில் யார் எழுதலாம், யார் எழுதக் கூடாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது, நெட்வொர்க் கேபிள் இழுப்பது, பிரிண்டரோடு மல்லுக்கட்டுவது, இதுதான் என் பிழைப்பு. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தேயிலை ஃபேக்டரி அலுவலகங்கள், மீதி பள்ளிக்கூடங்கள், ஹோம்ஸ்டேக்கள், ஓரிரு ஆடிட்டர் அலுவலகங்கள். போகிற இடமெல்லாம் அமைப்பு ஒன்றுதான். ஐந்தாறு கம்ப்யூட்டர் இருக்கும், அதில் கொஞ்சம் புதுசாக இருப்பதை மட்டும் மரியாதையாக "சர்வர்" என்று கூப்பிடுவார்கள், அதில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து வைத்திருப்பார்கள். அப்புறம் அந்த ஃபோல்டரில் யாராலோ சேவ் செய்ய முடியாது, எனக்கு போன் வரும். விவசாயிகளுக்கு இலைப் பணம் பட்டுவாடா செய்யும் நாட்களில் இன்னும் அதிகமாக வரும். ஒரே பதிலைப் போனில் நூறு தடவை சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிட்டேன்.

"எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் போட்டுவிடலாமே" என்று கேட்பவர்களுக்கு: போடலாம், தப்பில்லை. ஆனால் ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து ஃபைபர் அறுந்து, இரண்டு நாள் இன்டர்நெட் இல்லாமல் உட்கார்ந்த அனுபவம் இங்கே எல்லோருக்கும் இருக்கிறது. கட்டடத்துக்குள்ளேயே ஒரு பிரதி ஓடுவது நல்லது.

கீழே சொல்வது விண்டோஸ் 10, 11 ப்ரோ பதிப்பை மனதில் வைத்து. லினக்ஸ், நாஸ் (நெட்வொர்க்கில் நேராக மாட்டும் டிஸ்க் பெட்டி) பற்றிக் கடைசிப் பக்கம் கொஞ்சம் இருக்கிறது.

ஃபோல்டர் திறக்கிறது, ஃபைலைப் படிக்க முடிகிறது, ஆனால் சேவ் செய்தால் "அனுமதி இல்லை" என்கிறது. நான் எல்லா டிக்கும் போட்டுவிட்டேனே?

போட்டிருப்பீர்கள், ஒரு இடத்தில் மட்டும். விண்டோஸில் அனுமதி இரண்டு இடத்தில் இருக்கிறது. ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் ஷேரிங் என்று ஒரு டேப், செக்யூரிட்டி என்று இன்னொரு டேப் இருக்கும். நெட்வொர்க் வழியாக வருகிறவருக்கு இரண்டும் சரி என்று சொன்னால்தான் சரி. ஒன்று தாராளமாகவும் மற்றது கறாராகவும் இருந்தால் கறாரானதுதான் ஜெயிக்கும்.

நம்மூர்க் கணக்கில் சொன்னால், மலையடிவாரத்துக் கல்லாறு செக்போஸ்டில் இ-பாஸ் பார்த்து மேலே விட்டுவிட்டார்கள் என்பதற்காக எந்த வீட்டுக் கதவும் தானாகத் திறந்துவிடாது. வீட்டுக்காரர் "வாங்க வாங்க" என்று கதவைத் திறந்து வைத்திருந்தாலும் செக்போஸ்டில் திருப்பி அனுப்பிவிட்டால் வர முடியாது. ஷேரிங் என்பது செக்போஸ்ட். செக்யூரிட்டி என்பது வீட்டுக் கதவு.

இதிலேயே இன்னொரு விஷயமும் புரிந்துவிடும். அந்த "சர்வர்" கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து வேலை செய்பவர் ஏற்கெனவே ஊருக்குள் இருக்கிறார், அவருக்குச் செக்போஸ்ட் கிடையாது, கதவு மட்டும்தான். "என் சிஸ்டத்தில் நல்லா சேவ் ஆகுதே, அவர் சிஸ்டத்தில் மட்டும் ஏன் ஆகல" என்ற கேள்விக்குப் பத்தில் எட்டு முறை இதுதான் பதில். அட்வான்ஸ்டு ஷேரிங் வழியாகப் புதிதாக ஒரு ஃபோல்டரை ஷேர் செய்தால், எவ்ரிஒன் என்ற பெயருக்கு வெறும் ரீட் மட்டும்தான் விண்டோஸ் தானாகக் கொடுக்கும். செக்யூரிட்டி பக்கம் நீங்கள் என்னதான் வாரி வழங்கியிருந்தாலும் செக்போஸ்டில் "பார்த்துவிட்டுப் போ, எதையும் தொடாதே" என்றுதான் எழுதியிருக்கும்.

சரி, அப்போ ஷேரிங்கில் என்ன வைக்க, செக்யூரிட்டியில் என்ன வைக்க?

ஷேரிங் பக்கம் மூன்றே மூன்றுதான்: ரீட், சேஞ்ச், ஃபுல் கண்ட்ரோல். நிறையப் பேர் இங்கே எவ்ரிஒனுக்கு ஃபுல் கண்ட்ரோல் கொடுத்துவிட்டு, கட்டுப்பாட்டை முழுக்கச் செக்யூரிட்டி பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். வேலை செய்யும். நான் அப்படிச் செய்வதில்லை. எவ்ரிஒனை எடுத்துவிட்டு ஆத்தன்டிகேட்டட் யூசர்ஸ் (லாகின் செய்து வந்தவர்கள்) என்ற குழுவைச் சேர்த்து, அதற்குச் சேஞ்ச் வரை கொடுப்பேன். சேஞ்ச் என்றால் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். ஆனால் அனுமதியையே மாற்ற முடியாது. ஃபைலை உருவாக்கியவர்தான் அதன் சொந்தக்காரர் என்பது விண்டோஸின் கணக்கு, சொந்தக்காரருக்கு அனுமதியை மாற்றும் உரிமை எப்போதும் உண்டு. செக்போஸ்டில் சேஞ்சோடு நிறுத்திவிட்டால், நெட்வொர்க் வழியாக வரும் ஆர்வக்கோளாறு ஒருவர் தன் ஃபைலில் மற்றவர்களை வெளியே தள்ளிவிட்டு வேடிக்கை பார்க்க முடியாது.

செக்யூரிட்டி பக்கம்தான் அசல் வேலை. அங்கே முதலில் கவனிக்க வேண்டியது, நீங்கள் எதுவும் செய்யாமலேயே அங்கே சில பெயர்கள் உட்கார்ந்திருப்பதை. டி டிரைவை விண்டோஸில் ஃபார்மட் செய்தால், அதன் தலைமாட்டிலேயே ஆத்தன்டிகேட்டட் யூசர்ஸுக்கு மாடிஃபை அனுமதி (படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம்) வந்துவிடும், உள்ளே உருவாக்கும் ஒவ்வொரு ஃபோல்டரும் அதை வாரிசாகப் பெற்றுக்கொள்ளும். அதாவது லாகின் வைத்திருக்கும் எல்லோரும் எழுதலாம். "நான் கணக்கருக்கு மட்டும்தானே கொடுத்தேன், எடைப்பிரிவுப் பையன் எப்படித் திருத்தினான்" என்றால் இப்படித்தான். அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தி, டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ் கொடுங்கள். இரண்டு வழி கேட்கும், இருக்கும் பெயர்களை அப்படியே வைத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஆத்தன்டிகேட்டட் யூசர்ஸ், யூசர்ஸ் இரண்டையும் நீக்கிவிட்டு, உங்களுக்கு வேண்டியவர்களைச் சேருங்கள். சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் இரண்டையும் தொடாதீர்கள்.

ரைட் கிளிக்கில் வரும் "கிவ் ஆக்சஸ் டு" என்ற சுலப வழி இரண்டு பக்கத்தையும் அதுவாகவே மாற்றும். ஒரு நாள் அந்த வழி, இன்னொரு நாள் இந்த வழி என்று கலந்து செய்தால் எது யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. ஏதாவது ஒன்றில் நில்லுங்கள்.

ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸில் ரீட்-ஒன்லி என்ற கட்டத்தில் ஏதோ கறுப்பாக இருக்கிறது, எடுத்தாலும் மறுபடி வந்துவிடுகிறது.

அதை விட்டுவிடுங்கள். ஃபோல்டரில் அந்தக் கட்டத்துக்கும் எழுதும் அனுமதிக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே இருக்கும் தனி ஃபைல் ஒன்றில் ரீட்-ஒன்லி டிக் இருந்தால்தான் அதற்கு அர்த்தம்.

செக்யூரிட்டியில் ரைட் கொடுத்தேன். புது ஃபைல் போட முடிகிறது, எக்செல் ஃபைலைத் திருத்திச் சேவ் செய்தால் மட்டும் தகராறு. ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் நானே இதில் ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன்.

ரைட் என்றால் எழுதுவது மட்டும், அழிப்பது அதில் சேராது. அழிக்கும் உரிமை மாடிஃபையில்தான் இருக்கிறது. "திருத்துவதற்கு எதற்கப்பா அழிக்கும் உரிமை" என்று தோன்றும். எக்செல் சேவ் செய்யும் விதம் அப்படி. பழைய ஃபைலுக்குள் போய் அது எழுதுவதில்லை. அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் புது ஃபைல் ஒன்றை எழுதுகிறது, எழுதி முடித்ததும் பழையதை அகற்றிவிட்டு புதியதற்குப் பழைய பெயரை வைக்கிறது. நடுவில் கரண்ட் போனால் ஃபைல் பாதியில் கெடாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் அழிக்கும் உரிமை இல்லாதவருக்குக் கடைசிப் படியில் தடுக்கி விழும். ஃபோல்டரில் எண்ணும் எழுத்துமாக, பின்னொட்டு எதுவும் இல்லாத குட்டி ஃபைல்கள் சிதறிக் கிடந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே எக்செல், வேர்டு ஃபைல்களைத் திருத்த வேண்டியவருக்கு மாடிஃபை கொடுங்கள். ஃபுல் கண்ட்ரோல் வேண்டாம்.

எதற்கு இவ்வளவு யோசனை? எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல், முடிந்தது வேலை. எல்லோரும் நம்ம ஆளுங்கதானே?

நம்ம ஆளுங்கதான். யாரும் திருடப் போவதில்லை. ஆனால் மவுஸ் கை நழுவும்.

ஒரு ஃபேக்டரி, பெயர் வேண்டாம். பச்சைத் தேயிலை எடைக் கணக்கு மாதம் ஒரு ஃபோல்டராக இருந்தது. எல்லோருக்கும் எல்லா உரிமையும் அங்கே உண்டு, அப்படி வைத்ததும் நான்தான், அப்போது எனக்கும் இந்தத் தொழில் புதுசு. பட்டுவாடாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்த மாத ஃபோல்டரையே காணோம். விவசாயிகள் எத்தனை கிலோ இலை போட்டார்கள் என்ற கணக்கு முழுக்க அதில். எடைச்சீட்டுக் கட்டுகளை எடுத்து வைத்து மறுபடி ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள், மேனேஜர் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் நான் போய்த் தேடியபோது அந்த ஃபோல்டர் பத்திரமாக, பக்கத்தில் இருந்த "பழைய புகைப்படம்" ஃபோல்டருக்குள் இருந்தது. யாரோ கிளிக் செய்யும்போது கை நடுங்கி இழுத்து உள்ளே போட்டிருக்கிறார்கள். டிசம்பர் குளிரில் விரல் விறைத்திருந்தது என்று பின்னால் ஒருவர் ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது காரணம் இன்னும் மோசம். ரேன்சம்வேர் என்ற வகை வைரஸ் ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் லாகின் செய்திருப்பவருக்கு எங்கெல்லாம் எழுதும் அனுமதி உண்டோ அங்கெல்லாம் போய் ஃபைல்களைப் பூட்டிவிடும். படிக்க மட்டும் அனுமதி உள்ள ஃபோல்டரை அவர் பெயரில் அதனால் தொட முடியாது. ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் மெயிலில் வந்த ஏதோ ஒன்றைத் திறந்துவிட்டால், சேதம் ரிசப்ஷன் ஃபோல்டரோடு நிற்குமா, ஆடிட் கணக்கு வரை போகுமா என்பது நீங்கள் அன்றைக்குச் சோம்பல்பட்டு எவ்ரிஒன் கொடுத்தீர்களா இல்லையா என்பதைப் பொறுத்தது.

ஒவ்வொருவர் பெயராகச் சேர்ப்பதா, குழுவாகச் சேர்ப்பதா?

குழுவாக. மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றாலும் குழுவாக.

ஃபேக்டரி அலுவலகம் என்றால் நான் வைப்பது வழக்கமாக இப்படி இருக்கும்: கணக்கு, எடை, ஏலம், பார்வை என்று நான்கு குழு. கணக்குக் குழுவுக்குக் கணக்கு ஃபோல்டரில் மாடிஃபை, எடை ஃபோல்டரில் ரீட். எடைக் குழுவுக்கு எடை ஃபோல்டரில் மாடிஃபை, கணக்கு ஃபோல்டரில் எந்த அனுமதியும் கிடையாது. குன்னூர் தேயிலை ஏலத்துக்குப் போகும் லாட் விவரம் வைத்திருக்கும் ஃபோல்டரில் ஏலக் குழு எழுதும், மற்றவர்கள் படிப்பார்கள். பார்வைக் குழுவில் முதலாளி. ஆமாம், முதலாளிக்குப் படிக்க மட்டும்தான். முதலில் முகம் சுளிப்பார்கள். "சார், வைரஸ் உங்க லேப்டாப்பில் வந்தா கணக்கு தப்பிக்கணும்ல" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள்.

குழுவை எங்கே உருவாக்குவது? கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் திரையில் லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ். ஹோம் பதிப்பில் இந்தத் திரை வராது, அதனால்தான் "சர்வர்" ஆக்கப் போகும் கம்ப்யூட்டருக்கு ப்ரோ வாங்கச் சொல்கிறேன். ஊழியர்களின் லாகின் கணக்குகளை உருவாக்க வேண்டியதும் அந்தச் சர்வரில்தான். ஊழியரின் கம்ப்யூட்டரில் எந்தப் பெயர், பாஸ்வேர்டில் லாகின் செய்கிறாரோ அதே பெயர், அதே பாஸ்வேர்டு சர்வரிலும் இருந்தால் கேள்வியே கேட்காமல் உள்ளே விடும்.

ஒருவரைப் புதிதாகக் குழுவில் சேர்த்தால் அவர் லாக் ஆஃப் செய்து மறுபடி வர வேண்டும். லாகின் ஆகும் அந்த நொடியில்தான் யார் எந்தக் குழு என்ற சீட்டு எழுதப்படுகிறது. நீங்கள் சேர்த்துவிட்டு "இப்போ பாருங்க" என்று கத்தினால் பழைய சீட்டோடுதான் பார்ப்பார், வராது, நீங்களும் கடுப்பில் ஃபுல் கண்ட்ரோல் கொடுப்பீர்கள். இப்படிக் கெட்டுப்போன ஷேர்கள்தான் அதிகம்.

பெயர், பாஸ்வேர்டு கேட்கிறது. தினமும் போடும் பின் நம்பரைப் போட்டால் தப்பு என்கிறது.

பின் நம்பர் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும். நெட்வொர்க்கில் செல்லாது, நிஜ பாஸ்வேர்டு வேண்டும். மைக்ரோசாஃப்ட் மெயில் கணக்கில் லாகின் செய்பவர்களுக்குத் தங்கள் பாஸ்வேர்டு என்ன என்பதே மறந்து போயிருக்கும். அதற்குத்தான் சர்வரில் தனியாக லோக்கல் கணக்கு உருவாக்கிக் கொடுப்பது.

பாஸ்வேர்டே வைக்காத கணக்கும் செல்லாது. வெற்றுப் பாஸ்வேர்டை நேரில் உட்கார்ந்து லாகின் செய்ய மட்டும்தான் விண்டோஸ் ஏற்கும்.

இன்னொரு தொல்லை உண்டு. ஒரே சர்வருக்கு, ஒரே கம்ப்யூட்டரிலிருந்து, இரண்டு வேறு பெயரில் ஒரே நேரத்தில் போக முடியாது. காலையில் "எடை" என்ற பெயரில் ஒரு ஃபோல்டரைத் திறந்துவிட்டு, பிறகு "கணக்கு" பெயரில் இன்னொன்றைத் திறக்கப் பார்த்தால் 1219 என்ற எண்ணோடு ஒரு பிழை வரும். கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து பழைய பெயரை அழித்துவிட்டு, லாக் ஆஃப் செய்து வாருங்கள். பாஸ்வேர்டை மாற்றிய மறுநாள் வரும் புகார்களுக்கும் அங்கே தங்கிவிட்ட பழைய பாஸ்வேர்டுதான் காரணமாக இருக்கும்.

சர்வரே கண்ணில் படவில்லை என்றால் அது வேறு கதை: நெட்வொர்க் பப்ளிக் என்று இருக்கிறதா பாருங்கள், பிரைவேட் ஆக்குங்கள்.

ஒருவரை மட்டும் தடுக்க டினை டிக் போடலாமா?

முடிந்த வரை வேண்டாம். டினை என்பது ஒரே மட்டத்தில் கொடுத்த எந்த அனுமதியையும் அடித்துவிடும். ஒருவர் இரண்டு குழுவில் இருந்து, ஒரு குழுவுக்கு அனுமதியும் இன்னொன்றுக்குத் தடையும் இருந்தால் தடைதான் நிற்கும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் ஃபோல்டரை மாணவர்கள் தொடாமல் இருக்க, யூசர்ஸ் குழுவுக்கு டினை போட்டேன். யூசர்ஸ் என்றால் மாணவர்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அந்தக் கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருக்கும் ஆசிரியர்கள் எல்லோரும் அதில் அடக்கம், என்னையும் சேர்த்து. அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் ஏற்றும் வாரம் அது. ஸ்டாஃப் ரூமில் அன்றைக்கு எனக்கு டீ கிடைக்கவில்லை.

ஒருவருக்கு வேண்டாமா, அவர் இருக்கும் எந்தக் குழுவையும் அந்த ஃபோல்டரில் சேர்க்காதீர்கள். பெயர் இல்லாதவருக்கு அனுமதியும் இல்லை, அவ்வளவுதான்.

எழுதலாம், ஆனால் அழிக்கக் கூடாது. முடியுமா?

பாதி முடியும். செக்யூரிட்டியில் அட்வான்ஸ்டு போனால் அனுமதிகள் சில்லறையாகப் பிரிந்து தெரியும். அதில் டெலிட், டெலிட் சப்ஃபோல்டர்ஸ் அண்ட் ஃபைல்ஸ் இரண்டு டிக்கையும் எடுத்தால் அழிக்க முடியாது. ஆனால் மேலே சொன்ன எக்செல் விவகாரம் உடனே வந்து நிற்கும். இன்னொன்று, எழுதும் உரிமை உள்ளவர் ஃபைலை அழிக்காமலேயே உள்ளே இருப்பதை எல்லாம் காலி செய்து சேவ் செய்துவிடலாம். பெயர் மட்டும் பத்திரமாக இருக்கும்.

இது உருப்படியாகப் பயன்படும் இடம், போட்டுவிட்டுப் போகும் ஃபோல்டர்: ஸ்கேன் செய்த ரசீதுகள், ஹோம்ஸ்டே விருந்தினர் அடையாள அட்டைப் பிரதிகள், சிசிடிவி எடுத்த துண்டுகள். ஃபோல்டர் மட்டத்தில் புது ஃபைல் உருவாக்கும் உரிமை கொடுத்து, உள்ளிருக்கும் ஃபைல்களுக்கு ரீட் மட்டும் வைத்தால், கோயில் உண்டியல் மாதிரி, போடலாம், எடுக்க முடியாது. கிரியேட்டர் ஓனர் என்று ஒரு பெயர் பட்டியலில் இருந்தால் அதை நீக்க மறந்துவிடாதீர்கள், இல்லையென்றால் போட்டவரே எடுத்துக்கொள்வார்.

டேலி டேட்டா ஃபோல்டரை ஷேர் செய்யும்போது?

டேலி என்ற கணக்கு மென்பொருளில் வவுச்சர் போடுகிற ஒவ்வொருவருக்கும் அந்த டேட்டா ஃபோல்டரில் மாடிஃபை இருந்தே ஆக வேண்டும். அப்படி இருந்தால் அவர் எக்ஸ்ப்ளோரரில் போய் அந்த ஃபோல்டரை டெலிட்டும் செய்யலாம். டேலிக்குள் வைத்த பாஸ்வேர்டு இதைத் தடுக்காது, அது டேலியின் கதவு, விண்டோஸின் கதவு இல்லை. என்னால் முடிந்தது இவ்வளவுதான்: அதைத் தனி ஷேராக வைத்து, ஷேர் பெயரின் கடைசியில் டாலர் குறி சேர்த்துவிடுவேன், நெட்வொர்க்கில் மேயும்போது பட்டியலில் தெரியாது. இது பாதுகாப்பு இல்லை, கண்மறைவுதான். பேக்கப் இல்லாமல் டேலி ஷேர் வைக்காதீர்கள். அப்புறம், டேலியின் சில்வர் உரிமம் ஒரு கம்ப்யூட்டருக்குத்தான், நான்கு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்ய கோல்டு வேண்டும். ஃபோல்டர் அனுமதியை எப்படித் திருகினாலும் அது மாறாது.

ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்திய ஃபைல்கள் மட்டும் மற்றவர்களுக்குத் திறக்கவில்லை.

ஒரே டிரைவுக்குள் கட் செய்து பேஸ்ட் செய்தால் ஃபைல் தன் பழைய அனுமதியையும் தூக்கிக்கொண்டு வரும். காப்பி செய்தால் புது இடத்தின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். மருமகள் பிறந்த வீட்டுப் பழக்கத்தோடு வருவது மாதிரி என்று சொன்னால் என் மனைவி அடிப்பாள், அதனால் சொல்லவில்லை. சரிசெய்ய, புது ஃபோல்டரின் அட்வான்ஸ்டு திரையில் அடியில் இருக்கும், உள்ளிருக்கும் எல்லாவற்றின் அனுமதியையும் மாற்றும் டிக்கைப் போட்டு அப்ளை கொடுங்கள். ஒன்று மட்டும், இதை டிரைவின் தலைமாட்டில் போய்ச் செய்துவிடாதீர்கள். அந்தக் குறிப்பிட்ட ஃபோல்டரில் மட்டும்.

எக்ஸ்டர்னல் டிஸ்கை ஷேர் செய்தேன். செக்யூரிட்டி டேபே காணவில்லை.

எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 ஆக இருக்கும். அவற்றில் அனுமதி எழுதி வைக்க இடமே கிடையாது, செக்போஸ்ட் மட்டும் உண்டு, வீட்டுக்குக் கதவில்லை. என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்யுங்கள், உள்ளே இருப்பதை வேறெங்காவது எடுத்து வைத்துவிட்டு.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதிலிருந்து ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேனை ஃபோல்டரில் போட மறுக்கிறது.

பழைய மெஷின்கள் பல, ஷேர் ஃபோல்டரோடு பேச எஸ்எம்பி1 என்ற பழைய மொழியைத்தான் பயன்படுத்தும். விண்டோஸ் 10 இன் 2017 இறுதிப் பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கம்ப்யூட்டர்களில் அந்த மொழி இருக்காது. காரணம் இருக்கிறது: அதே ஆண்டு மே மாதம் உலகம் முழுக்க ஆட்டிவைத்த வானாக்ரை வைரஸ் புகுந்தது எஸ்எம்பி1 இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். யூடியூபில் பார்த்து அதை மறுபடி ஆன் செய்ய வேண்டாம். மெஷின் கொஞ்சம் புதுசு, எஸ்எம்பி2 பேசும் என்றாலும், விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பில் ஒவ்வொரு செய்தியிலும் டிஜிட்டல் கையொப்பம் கட்டாயமாகிவிட்டதால் அங்கேயும் மாட்டலாம். பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் வழியும் அதில் அடைபட்டது.

மெஷினின் ஃபர்ம்வேரை (அதற்குள் இருக்கும் மென்பொருளை) புதுப்பிக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், சர்வரில் "ஸ்கேன்" என்று ஒரு கணக்கு, நல்ல பாஸ்வேர்டு, அந்த ஒரே ஃபோல்டரில் மட்டும் எழுதும் அனுமதி. உங்கள் அட்மின் பாஸ்வேர்டை மெஷினுக்குள் டைப் செய்து வைக்காதீர்கள், சர்வீஸுக்கு வரும் யாரும் அதை நோண்டலாம். புது ஃபர்ம்வேர் இல்லையென்றால் ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பும் வழியே மேல்.

நாஸ், லினக்ஸ் என்றால் இதெல்லாம் மாறுமா?

பெயர்கள் மாறும், இரண்டு கதவு மாறாது. லினக்ஸில் சாம்பா என்ற மென்பொருள்தான் செக்போஸ்ட். அதில் ஒரு ஷேரைச் சேர்த்துவிட்டு வேறெதுவும் சொல்லாவிட்டால் படிக்க மட்டும்தான் விடும், எழுத அனுமதி என்று அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். எழுதிய பிறகும் அடியில் இருக்கும் டைரக்டரியில் (லினக்ஸில் ஃபோல்டருக்கு அதுதான் பெயர்) அந்தக் குழுவுக்கு எழுதும் உரிமை இல்லையென்றால் வேலைக்கு ஆகாது. லினக்ஸில் ஆள் இருந்தால் போதாது, சாம்பாவிலும் அவருக்குத் தனியாகப் பாஸ்வேர்டு வைக்க வேண்டும், இதை மறக்காதவர் கிடையாது.

அங்கே வரும் தனி வியாதி ஒன்று: ஒருவர் உருவாக்கிய ஃபைலை இன்னொருவர் படிக்கலாம், திருத்த முடியாது. புது ஃபைல் உருவாக்கியவரின் சொந்தக் குழுவில் போய் விழுவதும், குழுவுக்கு எழுதும் உரிமை இல்லாமல் பிறப்பதும் காரணம். டைரக்டரிக்கு 2775 என்ற அனுமதி எண்ணை வைத்தால் முன்னால் இருக்கும் அந்த 2, புது ஃபைல்களை அந்த டைரக்டரியின் குழுவிலேயே சேர்த்துவிடும். சாம்பாவில் புது ஃபைலுக்கு 0664, புது டைரக்டரிக்கு 2775 என்று மாஸ்க் (அனுமதி வரம்பு) வைத்தால் தீர்ந்தது. எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 ஐப் போடுபவர் எவ்ரிஒன் ஃபுல் கண்ட்ரோல் போடுபவரின் ஒன்றுவிட்ட தம்பி.

"இந்த ஃபைலை இன்னொருவர் திறந்து வைத்திருக்கிறார்" என்கிறது. அவரோ வீட்டுக்கே போய்விட்டார்.

இது அனுமதிப் பிரச்சினை இல்லை, தயவுசெய்து இதற்காகச் செக்யூரிட்டி டேபைத் திறக்காதீர்கள். எக்செலை மூடாமல் போயிருப்பார், அல்லது மழையில் கரண்ட் போய் அவர் கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து, யுபிஎஸ்ஸில் இருந்த சர்வர் அவர் இன்னும் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், ஷேர்டு ஃபோல்டர்ஸ், ஓப்பன் ஃபைல்ஸ் போனால் யார் எதைப் பிடித்திருக்கிறார் என்று தெரியும். அங்கேயே மூடலாம், ஆனால் அவர் நிஜமாகவே சேவ் செய்யாமல் வைத்திருந்தால் அது போய்விடும், ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர் வரை தாங்கும்?

சாதாரண விண்டோஸ் 10, 11 இல் ஒரே நேரத்தில் 20 இணைப்பு. அதற்கு மேல் என்றால் விண்டோஸ் சர்வர் அல்லது நாஸ்.

ஷேரிலிருந்து அழித்த ஃபைல் ரீசைக்கிள் பின்னில் இல்லையே?

இருக்காது. நெட்வொர்க் வழியாக அழித்தால் நேராகப் போய்விடும், ஊழியரின் கம்ப்யூட்டரிலும் இருக்காது, சர்வரிலும் இருக்காது. சில நாஸ்களில் ஷேருக்கென்று குப்பைத்தொட்டி வைக்கும் வசதி உண்டு, இருந்தால் ஆன் செய்யுங்கள்.

பேக்கப்பைப் பற்றி ஒன்று மட்டும். பேக்கப் டிஸ்கும் ஒரு ஃபோல்டர்தான், அதற்கும் எழுதும் அனுமதி யாருக்கு என்ற கேள்வி உண்டு. தினசரி லாகினுக்கு அங்கே எழுத அனுமதி இருந்தால் ரேன்சம்வேருக்கும் இருக்கிறது. பேக்கப்புக்குத் தனிக் கணக்கு, அந்தக் கணக்கில் வேறு யாரும் உட்காரக் கூடாது. ராத்திரி டிஸ்கைக் கழற்றி பீரோவில் வைக்கும் ஒரு கணக்கர் அம்மா இருக்கிறார், அவரிடம் நான் இதுவரை எதுவும் சொல்லித்தர வேண்டி வரவில்லை. ஈரம் ஏறாமல் இருக்க டிஸ்கைச் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வேறு போட்டு வைக்கிறார்.

எல்லாம் வைத்தாயிற்று. சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சர்வரில் உட்கார்ந்து பார்க்காதீர்கள், அங்கே செக்போஸ்ட் இல்லை. ஊழியரின் நாற்காலியில், அவர் லாகினில், ஒரு எக்செல் ஃபைல் உருவாக்கி, மூடி, திறந்து, திருத்தி, பெயர் மாற்றி, அழித்துப் பாருங்கள். அப்புறம் அவர் எழுதக் கூடாத ஃபோல்டரிலும் இதையே செய்துபாருங்கள். இந்த இரண்டாவதை யாரும் செய்வதில்லை.

ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். கணக்கை அழித்துவிடலாமா?

முதலில் டிசேபிள் செய்யுங்கள், ஒரு மாதம் போகட்டும். விண்டோஸ் ஆளைப் பெயரால் நினைவு வைப்பதில்லை, எஸ்-1-5-21 என்று தொடங்கும் ஒரு நீள எண்ணால்தான். கணக்கை அழித்தால் செக்யூரிட்டி பட்டியலில் அவர் பெயர் இருந்த இடத்தில் அந்த எண் மட்டும் நிற்கும், யாருடையது என்று பிறகு யாருக்கும் தெரியாது. அவர் மூன்று மாதம் திருப்பூர் போய்ப் பார்த்துவிட்டு, குளிர் இல்லாமல் இருக்க முடியவில்லை என்று திரும்பி வந்து, நீங்கள் அதே பெயரில் கணக்கு உருவாக்கிக் கொடுத்தாலும் புது எண் விழும், பழைய ஃபோல்டர் எதுவும் அவரை அடையாளம் கண்டுகொள்ளாது. குழுவில் சேர்த்திருந்தீர்கள் என்றால் ஒரு நிமிட வேலை. பெயர் பெயராகப் போட்டிருந்தால், எனக்குப் போன் போடுங்கள், பட்டுவாடா நாளாக இல்லாமல் பார்த்து.